38 வருடம் கிளைடிங்குக்கு உழைத்தவர் "எதுவும் வேண்டாம்" என்கிறார். எப்படிக் கௌரவிப்பது?

ஓடுபாதை_விளிம்பு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளம்தான், முழுக்கச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் கிளைடிங் கிளப்பில், அதாவது என்ஜின் இல்லாத விமானத்தில் பறக்கிற கிளப்பில், ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 74. 38 வருடமாகக் களத்துக்கு வருகிறார். எங்களில் பாதிப் பேரை முதல் சோலோவுக்கு, அதாவது தனியாகப் பறக்க, அனுப்பியவர் அவர்தான். கிளைடரைக் கேபிளால் இழுத்து மேலே ஏற்றிவிடுகிற வின்ச் எந்திரத்தை ஓட்டுவார். வின்ச் பழுதானால் அடியில் படுத்துச் சரிசெய்வார். பறக்காத மாதங்களில் கிளைடர்களைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு இணைப்பையும் பார்ப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இறக்கை முனையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவார். இதற்கெல்லாம் ஒரு காசு வாங்கியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு மருத்துவச் சான்று கிடைக்காமல் போனதால் தனியாகப் பறப்பது நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் வார இறுதி தவறாமல் காலையில் ஹேங்கர் கதவைத் திறப்பது அவர்தான்.

இன்னும் இரண்டு மாதத்தில் ஆண்டுக் கூட்டம். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேசினோம். கேடயம், வாழ்நாள் உறுப்பினர் தகுதி, அவர் பெயரில் ஒரு கோப்பை, தேசியச் சங்கத்துக்குப் பரிந்துரை என்று நாலு யோசனை வந்தது. எப்படியோ அவர் காதுக்கு விஷயம் போய்விட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? அந்தப் பணத்துல புது கேபிள் வாங்குங்க" என்றார். பேச்சுக்குச் சொன்னது இல்லை அது. முகத்தில் நிஜமான சங்கடம் தெரிந்தது.

எனக்கு இரண்டு கேள்வி. வேண்டாம் என்கிறவரைப் பிடித்து மேடை ஏற்றுவது சரியா? செய்துதான் ஆக வேண்டும் என்றால், அவருடைய உழைப்புக்குப் பொருந்துகிற மாதிரி என்ன செய்யலாம்? ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்துக் கைதட்டினால் என் மனசு ஆறாது. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


வின்ச்_கேபின் எழுதியது:

ஏன் மனசு ஆறாது என்று நான் சொல்கிறேன். 17 வருடம் வின்ச் ஓட்டியவன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிளைடிங் என்றால் மேலே மிதக்கிற வெள்ளை இறக்கைதான். ஒரு லாஞ்சுக்கு, அதாவது ஒரு தடவை கிளைடரை மேலே ஏற்ற, கீழே எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இறக்கை முனையைச் சமமாகப் பிடித்துக்கொண்டு ஓட ஒருவர். வானமும் ஓடுபாதையும் காலியா என்று பார்த்து சைகை கொடுக்க ஒருவர். பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத ஒருவர். அறுந்த கேபிளையும் விழுந்த கேபிளையும் வண்டியில் இழுத்து வர ஒருவர். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வின்ச்சில் ஒருவர். ஒருத்தர் மேலே போக ஐந்து பேர் வெயிலில் நிற்கிறோம். இந்த ஐந்து பேருக்கும் சம்பளம் கொடுத்துப் பறப்பதென்றால் உலகத்தில் பாதி கிளப்புகள் நாளைக்கே மூடிவிடும்.

வின்ச் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து மூன்று நான்கு விநாடியில் கிளைடர் தரையை விட்டு எழும்பிவிடும். ஒரு நிமிடத்துக்குள் லாஞ்சே முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் கிளைடர் எழும்புகிற கோணம், கேபிளின் தொய்வு, காற்று மாறுகிற விதம் எல்லாவற்றையும் பார்த்துக் கை தானாகவே பவரைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கேபிளை மாட்டுகிற இடத்தில் இன்னொரு கவனம். இழுவிசை அளவு மீறினால் தானாக அறுந்துவிடுகிற துண்டுதான் வீக் லிங்க். அது தாங்கும் விசை நிறத்துக்கு நிறம் மாறும்: கறுப்பு 1000 டெகாநியூட்டன், சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. கனமான இரட்டை இருக்கைக் கிளைடருக்கு உரிய கறுப்பை லேசான ஒற்றை இருக்கையில் மாட்டினால், அறுந்து காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அது அறாது. உங்கள் பெரியவர் எத்தனை தடவை "நிறுத்து, லிங்க் மாத்து" என்று சத்தம் போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். அவருக்கே நினைவிருக்காது.

ஒரு நாள் முழுக்க வின்ச் ஒழுங்காக ஓடினால் அன்று மாலை யாரும் வின்ச்சைப் பற்றிப் பேச மாட்டார்கள். நடக்காமல் போன விபத்து எந்தப் பதிவிலும் ஏறாது. அதனால்தான் பொத்தாம்பொதுவான கேடயம் உறுத்துகிறது. "சிறந்த சேவைக்காக" என்று ஒரு வரி பொறித்துக் கொடுத்தால், என்ன சேவை என்று கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை என்றுதான் ஆகிறது.

என் யோசனை இதுதான். பழைய பதிவேடுகளை எடுங்கள். எத்தனை லாஞ்ச், எத்தனை மாணவர், எத்தனை ஆய்வு என்று எண்ணுங்கள். எண்ணி முடித்தபின் கேடயமா வேறு எதுவுமா என்று யோசிக்கலாம்.


தொடுவானம் எழுதியது:

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெரியவர் மேல் எனக்கும் மரியாதைதான்.

ஓடுபாதை_விளிம்பு, ஒன்று கேட்கிறேன். அவர் ஒரு மாதம் வராமல் போனால் உங்கள் கிளப் பறக்குமா? ஹேங்கர் கதவு, வின்ச் பழுது, கிளைடர் ஆய்வு, புதியவர் பயிற்சி எல்லாம் ஒரே ஆள் என்றால், 38 வருடம் அவரைத் தாங்க விட்டுவிட்டு நீங்கள் எல்லோரும் பறந்திருக்கிறீர்கள். கடுமையாக இருக்கலாம், ஆனால் எங்கள் களத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. மேடையில் ஒருவரைத் தெய்வமாக்கினோம். அடுத்த வாரமும் அதே மனிதர்தான் தனியாக அறுந்த கேபிளைப் பின்னிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரைப் புகழ்ந்து பேசிய நாலு பேரும் தெர்மல், அதாவது கிளைடரைத் தூக்கிவிடுகிற வெப்பக்காற்று, தேடி மேலே போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

இன்னொன்றும் உண்டு. ஒருவரைத் தூக்கி வைக்கும்போது பக்கத்தில் நின்று உழைத்த ஐந்தாறு பேர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். கிளைடிங்கில் யாரும் தனியாக எதையும் செய்ததில்லை. கட்டுப்பாட்டுப் பரப்புகளைச் சோதிக்கும்போதுகூட ஒருவர் உள்ளே ஓட்டுகிற குச்சியை அசைக்க, இன்னொருவர் வெளியே கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படி இருக்க, கௌரவம் மட்டும் ஒற்றை ஆளுக்கு ஏன்? எந்த வேலையை முதலில் எங்களிடம் கொடுப்பீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.


சான்றுப்_பார்வையாளர் எழுதியது:

தொடுவானம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிப் பெரியவருக்கு எதுவும் செய்யாமல் விட்டுவிடக் கூடாது. விருதுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தேசியச் சங்கத்துக்குப் பரிந்துரை எழுதுகிறவர்களுக்கு உதவும்.

உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு, அதாவது எஃப்ஏஐ, 1905ல் தொடங்கியது. கிளைடிங்குக்கு அது கொடுக்கிற உயர்ந்த பதக்கம் லிலியந்தால் பதக்கம். 1938ல் ஏற்படுத்தினார்கள். முதல் பதக்கம் போலந்தின் ததேயுஷ் கூராவுக்குப் போனது. அந்த வருடம் மே மாதம் அவர் பறந்தது சுமார் 578 கிலோமீட்டர். அன்றைய மரக் கிளைடரில் அந்தத் தூரம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பதக்கத்துக்கு மூன்று வழி உண்டு. கடந்த வருடத்தில் சர்வதேச சாதனை, அல்லது முன்னோடிப் பறப்பு, அல்லது நீண்ட காலம் இந்த விளையாட்டுக்குச் செய்த சிறந்த சேவை. மூன்றாவது வழியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர் இன்னும் பறந்துகொண்டிருக்கும் கிளைடர் பைலட்டாக இருக்க வேண்டும்.

உங்கள் பெரியவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. எனக்கு இந்த நிபந்தனை ரொம்ப நாளாக வருத்தம். பதக்கத்தைப் பறப்பவர்களிடமே வைத்திருக்க வேண்டும் என்கிற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருத்துவச் சான்று போன மறுநாளும் களத்துக்கு வந்து நிற்கிறவரைவிட இந்த விளையாட்டை நேசித்தவர் யார்?

பறந்தே ஆக வேண்டும் என்று கேட்காத வேறொன்று இருக்கிறது. பால் திசாந்தியே பட்டயம். 1952ல் ஏற்படுத்தியது. திசாந்தியே 1919 முதல் 1945 வரை எஃப்ஏஐயின் பொதுச்செயலாளராக இருந்தவர். பொதுவாக விமானத்துறைக்கும், குறிப்பாக விளையாட்டு விமானத்துறைக்கும் உழைப்பாலோ முன்முயற்சியாலோ அர்ப்பணிப்பாலோ சேவை செய்தவர்களுக்கு அந்தப் பட்டயம் கிடைக்கும். உங்கள் ஆளுக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கிறது. கிளப் நேராக அனுப்ப முடியாது, தேசிய அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே இப்போதே பேசி வையுங்கள்.

சேவையை மதிப்பது இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே உண்டு. 1920ல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் முதல் கிளைடிங் போட்டி நடந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே என்ஜின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு. அப்போது என்ஜின் இல்லாமல் பறக்கலாம் வாருங்கள் என்று இளைஞர்களைக் கூட்டியவர் ஆஸ்கர் ஊர்சினுஸ் என்கிற பத்திரிகை ஆசிரியர். வருடா வருடம் கூட்டினார். பறந்து சாதனை செய்தவர்களின் பெயர்கள் ஒரு பக்கம் இருக்க, அவரை "ரோன் தந்தை" என்று, வாசர்குப்பே இருக்கிற ரோன் மலைத்தொடரின் பெயரால் அழைத்தார்கள். ஏற்பாடு செய்தவருக்குக் கிடைத்த பட்டம் அது. எந்தக் குழுவும் தீர்மானம் போட்டுக் கொடுத்ததில்லை, பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்தது.

பறப்புகளைப் பார்த்துச் சான்று கொடுக்கிறவனாக என் அனுபவமும் ஒன்று. பைலட்டுகள் வாங்குகிற சில்வர் பேட்ஜுக்கு 50 கிலோமீட்டர் தூரம், 1000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணி நேரம் வானில் இருப்பு, இந்த மூன்றும் வேண்டும். இப்போது எல்லாம் ரெக்கார்டர் பார்த்துக்கொள்கிறது. 1990களின் நடுவில் ஜிபிஎஸ் ரெக்கார்டர்களுக்கு அனுமதி வரும்வரை உயரத்தைக் கோடாகப் பதிகிற பாரோகிராஃப்தான். அலுமினியத் தாளைக் கற்பூரப் புகையில் கரியேற்றி உருளையில் சுற்றுவோம். ஊசி அந்தக் கரியில் கோடு கிழிக்கும். பெட்டியை சீல் வைத்துக் கிளைடரில் வைப்போம். பைலட் திரும்பி வரும்வரை, அல்லது வேறெங்கோ வயலில் இறங்கிவிட்டார் என்று தகவல் வரும்வரை, நாம் களத்தை விட்டு நகர முடியாது. இறங்கியபின் சீலைப் பிரித்து, கோடு அழியாமல் வார்னிஷ் தெளித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி எத்தனையோ பேருடைய ஐந்து மணி நேரத்துக்கு நானும் ஐந்து மணி நேரம் காத்திருக்கிறேன். அந்தப் பைலட்டுகளில் ஒருவர் பல வருடம் கழித்து அந்தக் கரித்தாளைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கீழே என் கையெழுத்து இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்கு வந்த மற்ற பாராட்டுகள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.


ஓடுபாதை_விளிம்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தொடுவானம், நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: பறக்காது. அவர் ஒரு மாதம் வரவில்லை என்றால் எங்கள் கிளப் பறக்காது. இதை எழுதவே கை கூசுகிறது. போன வருடம் அவர் இரண்டு வாரம் படுத்திருந்தபோது இரண்டு வாரமும் கிளைடர்கள் வெளியே வரவில்லை. அப்போது வானிலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

பதிவேடுகளைத் தேட ஆரம்பித்திருக்கிறோம்.


வெண்திரள் எழுதியது:

பதிவேடுகளைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுதியது யார் கையெழுத்து என்றும் பாருங்கள்.

என் அப்பா பறந்தவர். அம்மா பறந்ததில்லை. ஆனால் அப்பா தூரப் பறப்பில் எங்காவது வயலில் இறங்கினால், டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தது அம்மாதான். 20 வருடம். அப்பாவை மட்டும் இல்லை, யார் இறங்கினாலும் போவார். செல்போன் இல்லாத நாளில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த ஊர், எந்தப் பக்கத்து வாசல், பயிர் நிற்கிறதா, நிலத்துக்காரரிடம் சொல்லியாகிவிட்டதா என்று குறித்துக்கொண்டு கிளம்புவார். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் இறக்கையைக் கழற்றி ஏற்றி, நடு இரவில் திரும்புவார். அப்பாவுக்கு ஒரு நாள் பாராட்டு விழா நடந்தது. அழைப்பிதழில் தொடங்கி நன்றியுரை வரைக்கும் அம்மா பெயர் எங்கும் இல்லை. அம்மா வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் பட்டேன். இன்றைக்கும் படுகிறேன்.

பெண்கள் என்றால் பின்னால் நின்று உதவியவர்கள் மட்டும்தான் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் ஆன் வெல்ச் 1938ல் ஒரு கிளைடிங் கிளப்பையே தொடங்கினார். போர்க்காலத்தில் விமானங்களைத் தளத்துக்குத் தளம் ஓட்டிக் கொடுத்தார். அப்புறம் பயிற்றுநராக, அணி மேலாளராக, போட்டி அமைப்பாளராக 2002ல் இறக்கும்வரை வான்விளையாட்டுக்கே வாழ்ந்தார். இன்று எஃப்ஏஐயில் அவர் பெயரில் ஒரு பட்டயம் இருக்கிறது. போலந்தின் பெலாகியா மயேவ்ஸ்கா 17 உலக சாதனை செய்த கிளைடர் பைலட். 1988ல் விமான விபத்தில் இறந்தார். அடுத்த வருடமே அவர் பெயரில் பெண் கிளைடர் பைலட்டுகளுக்கு ஒரு பதக்கம் வந்தது. அந்தப் பதக்கத்தையும் அந்த வருடத்துச் சிறந்த பறப்புக்கும் கொடுக்கலாம், நீண்ட காலச் சேவைக்கும் கொடுக்கலாம். பறப்பையும் சேவையையும் ஒரே தட்டில் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் என் அம்மா மாதிரி ஒரு தடவைகூட காக்பிட்டில் உட்காராதவர்களுக்கு எந்தப் பதக்கத்தின் விதிமுறையிலும் இடம் தேட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைக் கிளப்தான் கொடுக்க முடியும். ஓடுபாதை_விளிம்பு, உங்கள் பெரியவருக்குக் குடும்பம் இருக்கிறதா? 38 வருடம் வார இறுதியெல்லாம் களத்தில் என்றால் வீட்டில் யாரோ அதைத் தாங்கியிருக்கிறார்கள்.


பழைய_ஹேங்கர் எழுதியது:

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தள்ளிப் போடாதீர்கள்.

நான் முன்பு இருந்த ஒரு கிளப்பில் ஒருவர். பெயர் வேண்டாம், கிளப் பெயரும் வேண்டாம். 39 வருடம் கிளைடர்களைப் பழுது பார்த்தார். மரமும் துணியுமாக இருந்த காலத்தில் தொடங்கி ஃபைபர் கிளாஸ் வரை எல்லாம் அவர் கைபட்டது. அவருக்கு விழா எடுக்கலாம் என்று முடிவானபோது, "அடுத்த வருடம் 40 நிறைகிறது, அப்போது எடுத்தால் எடுப்பாக இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். 40 நிறையவில்லை. ஏழாவது மாதம் போய்விட்டார்.

அப்புறம் அவர் பெயரில் கோப்பை செய்தோம். வெள்ளிக் கோப்பை, பெயர் பொறித்தது, வருடத்தின் நீண்ட தூரப் பறப்புக்கு. அவர் நீண்ட தூரம் பறந்தவரே கிடையாது! மேடையில் வாங்குகிற பிள்ளைகளிடம் இவர் யார் தெரியுமா என்று கேட்டிருக்கிறேன். பழைய சாம்பியனா என்று கேட்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கோப்பையில் பெயர் மட்டும் இருக்கிறது, மனிதர் இல்லை.

அவரிடம் சொல்லாமல் விட்டது எனக்கு ஒன்று உண்டு. ஒரு தடவை என் கிளைடரின் இறக்கையைப் பூட்டுகிற முள்ளில் மயிரளவு விரிசல் இருந்ததைக் கண்டுபிடித்து அன்று முழுக்கப் பறக்க விடவில்லை. நல்ல தெர்மல் இருந்த நாள். நான் கோபத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டேன். பிறகு புது முள் போட்டுக் கொடுத்தார். கோபம் போய்விட்டது, நன்றி சொல்ல மறந்துவிட்டேன். 40வது வருட விழாவில் சொல்லலாம் என்று இருந்தேன்.

பெரியவர் வேண்டாம் என்று சொன்னால் மேடையை விட்டுவிடுங்கள். சொல்ல வேண்டியதை அவர் காது கேட்கச் சொல்லிவிடுங்கள்.


முதல்_சோலோ எழுதியது:

ஓடுபாதை_விளிம்பு அண்ணா, எனக்கு வயது 19. பறக்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் சொல்லலாமா தெரியவில்லை, ஒரு யோசனை.

என் பயிற்றுநரும் இப்படி ஒருவர்தான். பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, லாஞ்சின் நடுவில் சொல்லாமல் கேபிளை விடுவித்துவிடுவார். கேபிள் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பயிற்சி. முதல் தடவை நான் உறைந்துவிட்டேன், அவர்தான் குச்சியை முன்னால் தள்ளினார். அன்று என் லாக் புக்கில், அதாவது பறப்புக் குறிப்பேட்டில், அவர் எழுதியது நாலே சொல்: "முதலில் மூக்கு. அப்புறம் யோசனை." அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. போன மாதம் நிஜமாகவே 90 மீட்டரில் கேபிள் அறுந்தது. என் கை யோசிக்கவில்லை, மூக்கைத் தாழ்த்திவிட்டது. வேகம் வந்தது, எதிரே ஓடுபாதை மிச்சம் இருந்தது, நேராக இறங்கிவிட்டேன்.

உங்கள் பெரியவர் கையெழுத்துப் போட்ட லாக் புக் எல்லோர் வீட்டிலும் இருக்கும் இல்லையா? 38 வருடத்து மாணவர்களிடம் அவர் எழுதிய ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் கேபிள் வாங்குகிற பணம் செலவாகாது.


தொடுவானம் எழுதியது:

தம்பி, உன் யோசனையைப் படித்துவிட்டு என் பழைய லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். ஏழு பயிற்றுநர்கள் கையெழுத்து இருக்கிறது. நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள். இன்று மாலை இரண்டு பேருக்கு போன் செய்தேன்.

என் முதல் பதிவில் ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று கேட்டிருந்தேன். இப்படி எண்ணி, பெயர் பெயராக எழுதினால் பக்கத்தில் நின்றவர்களும் தானாக உள்ளே வந்துவிடுவார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஆட்சேபத்தை விட்டுவிடுகிறேன். வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சொன்னதை விடவில்லை.


ஓடுபாதை_விளிம்பு எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

14 பதிவேடு கிடைத்தது. மீதி ஒரு மழையில் போய்விட்டதாம். கிடைத்ததில் மட்டும் அவர் வின்ச்சில் இருந்த லாஞ்ச் 13,260. மூன்று பேர் நாலு வார இறுதி உட்கார்ந்து எண்ணினோம். வெண்திரள் சொன்னபடி கையெழுத்தையும் பார்த்தோம். 14ல் ஒன்பது பதிவேடு ஒரே கையெழுத்து, ஆனால் அவருடையது இல்லை. விசாரித்தால் அவருடைய மனைவி. கிட்டத்தட்ட 20 வருடம் லாஞ்ச் பாயின்டில் மேசை போட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கிளப்பை விட்டுப் போய்விட்டார்கள்.

அவரிடம் போய், "மேடை கிடையாது, கேடயம் கிடையாது. ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம், தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்றோம். மறுக்க முடியவில்லை அவரால். தப்பைத் திருத்து என்றால் அவர் விட மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். "வின்ச் என்ஜினைத் தனியாக மாற்றினார்" என்ற வரியில் "தனியாக" என்பதை அடித்துவிட்டு இரண்டு பெயர் எழுதினார். மாணவர் எண்ணிக்கையில் ஏழு பேரைக் குறைத்தார், அவர்களை இன்னொரு பயிற்றுநர்தான் முடித்து அனுப்பினாராம். மனைவியின் பெயர் இருந்த பத்தியில் மட்டும் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இத அவளுக்கு முதல்ல படிச்சுக் காட்டணும், நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் தொடுவானம் கேட்டதை அவரிடம் கேட்டேன். எந்த வேலையை முதலில் எங்களிடம் கொடுப்பீர்கள் என்று. யோசிக்காமல் பதில் வந்தது. கேபிள் பின்னுவது. கண் சரியில்லாததால் இரண்டு வருடமாகத் தடவிப் பார்த்துத்தான் பின்னுகிறாராம். எங்களிடம் சொல்லவே இல்லை. கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தோம். இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். லாக் புக் பக்கங்கள் 61 வந்திருந்தன, கடல் தாண்டியும் சில. அதில் பாதியில் ஒரே வாசகம்: "வெளியே பார்." அவர் மாணவர்கள் எல்லோருக்கும் அவர் எழுதிக்கொடுத்தது அதுதான் போலிருக்கிறது. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் யார், எந்த வருடம், எந்தக் கிளைடர் என்று சரியாகச் சொன்னார்.

மறுநாள் இரட்டை இருக்கைக் கிளைடரில் அவரை முன்னால் உட்கார வைத்து, அவர் சோலோ அனுப்பிய ஒருவர் பின்னால் உட்கார்ந்து பறந்தார்கள். 47 நிமிடம். வின்ச்சில் நான். என் கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். இறங்கியதும் பதிவேட்டில் அவரைப் பயிற்றுநர் என்று எழுதப் போனார்கள். "பயணின்னு எழுது, சான்று இல்ல எனக்கு" என்று திருத்திவிட்டு, அடுத்த கிளைடரின் இறக்கை முனையைப் பிடிக்கப் போய்விட்டார்.

திசாந்தியே பட்டயத்துக்கான கோரிக்கை தேசியச் சங்கத்துக்குப் போயிருக்கிறது. அதே பக்கத்தைத்தான் இணைத்திருக்கிறோம், அவர் சிவப்பில் அடித்த திருத்தங்களோடு சரிசெய்து.


பழைய_ஹேங்கர் எழுதியது:

படித்துவிட்டேன். இரண்டு தடவை படித்தேன். நல்லது செய்தீர்கள்.


வின்ச்_கேபின் எழுதியது:

13,260! என் 17 வருடத்துக் கணக்கை நானும் எடுக்கப் போகிறேன். சரி, கேபிள் பின்னுவதை யார் கற்றுக்கொள்கிறீர்கள்?


ஓடுபாதை_விளிம்பு எழுதியது:

நானும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். செயற்கை இழைக் கேபிள் என்பதால் எல்லாம் கையால்தான். ஆளுக்கு மூன்று பின்னினோம். முதல் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்து வெட்டிப்போட்டார். மூன்றாவதை மட்டும் வின்ச் டிரம்மில் ஏற்ற விட்டார்.